ஒன்பது சுழிக் குதிரை

என்னோட வலது முழங்கையில செவலை நிறத்துல ஒரு சுழி இருக்குதுங்க, முழுக்கைச் சட்டை போட்டிருக்கறதால உங்களுக்குத் தெரியல, இந்தத் தையக்கடைச் சென்னியப்பன் கோடை வெயில்லயும் எதுக்கு மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்னு நீங்க யோசிச்சிருப்பீங்க, அது மனுச மயிரு இல்லை, குதிரை மயிரு, பதினோரு வருசமா அங்கயேதான் இருக்குது, சிரைச்சா மறுநாள் காலைல அதே சுத்துல மொளைச்சு நிக்குது. எங்க ஊசிப்பாறைப் புதூர்ல இந்த மாதிரி எட்டு ஆம்பளைங்க இருக்கோம். எப்படி வந்துச்சுன்னு கேட்டா யாரும் ஒளிக்க மாட்டாங்க, குதிரை வாங்கறதுக்கு ஓட்டம் பாத்தப்ப வந்துச்சும்பாங்க, மழைல நனைஞ்சு சளி புடிச்சதச் சொல்ற மாதிரி.

குதிரை வாங்குனது பூவாத்தாளு. எங்க பக்கத்துல மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடறது அவதான், அவங்கப்பன் விட்டுட்டுப் போன தொழில். சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ஒரு கையில கடிவாளத்தைப் புடிச்சுக்கிட்டு, வேட்டுச் சத்தத்துக்கும் பேண்டுச் சத்தத்துக்கும் நடுவுல அவ முன்னால நடந்து போனா மேல உக்காந்திருக்கற மாப்பிள்ளையை எவனும் பாக்க மாட்டான். ஆனா இந்தக் குதிரை வாங்குனப்ப அவளுக்கு வயசு நாப்பத்திநாலு, கல்யாணம் ஆகலை. காரணம், தலையில ரெட்டைச் சுழி. ஆம்பளைக்கு ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு பொண்டாட்டிம்பாங்க, சொல்லிட்டுச் சிரிப்பாங்க. பொம்பளைக்கு இருந்தா மொதப் புருசன் தங்க மாட்டாம்பாங்க, அதைச் சொல்லிட்டு யாரும் சிரிக்கறதில்லை.

அவளுக்குப் பத்தொம்பது வயசுல அர்த்தநாரிக்கும் அவளுக்கும் நிச்சயம் வெச்சாங்க. இலை போட்டுச் சோறு வெச்சு, பருப்பும் நெய்யும் ஊத்தியாச்சு, அந்த நேரம் பாத்துப் பொண்ணுக்குப் பூ வெச்சு விடறேன்னு தலையை வகுந்த மாப்பிள்ளையோட அத்தை சீப்பை அப்படியே நிறுத்திட்டு, நஞ்சப்பண்ணனைக் கூப்பிட்டா. நஞ்சப்பண்ணன்தான் எங்க ஊர்ல சுழி பாக்கறவரு, மாட்டுக்கும் குதிரைக்கும் எந்தச் சுழி எங்க இருந்தா என்ன பலன்னு அவங்க பாட்டன் காலத்துப் புத்தகம் ஒண்ணு வெச்சிருக்காரு. அவரு எட்டிப் பாத்துட்டு ரெண்டு விரலைக் காட்டுனாரு. நாப்பது பேரும் ஒரு வாய் எடுத்து வெக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்த நாப்பது இலைச் சோத்தையும் பூவாத்தாளே வழிச்சு மாட்டுத் தொட்டியில கொட்டுனா, மாடு கூட அன்னைக்குப் பாதிதான் தின்னுச்சு. அர்த்தநாரி அடுத்த வைகாசியில வேற ஊர்ல பொண்ணு கட்டி, ஆண் குழந்தை ஒண்ணைப் பெத்து, பின்னால பஞ்சாயத்துத் தலைவரும் ஆயிட்டாரு.

நான் சொல்ற வருசம் ஆடி மாசத்துல பூவாத்தாளோட வெள்ளைக் குதிரை வயசாகிச் செத்துப்போச்சு. ஆவணி மொத முகூர்த்தத்துல யாரு கல்யாணம்னு நெனைக்கறீங்க, அர்த்தநாரி மகன் கல்யாணம். தலைவரு ஆள் விட்டுச் சொல்லிட்டாரு, சுழி சுத்தமான குதிரையா இருந்தா கொண்டு வரச் சொல்லு, இல்லைன்னா டவுன்ல இருந்து சாரட்டு வண்டி வந்துரும்னு. சாரட்டு ஒருக்கா ஊருக்குள்ள வந்துட்டா அப்பறம் குதிரைக்காரியை எவன் கூப்பிடுவான். அவளுக்கு இருந்தது அந்த ஒரு தொழில்தான், அதுவும் போனா அவ ரெட்டைச் சுழிக்காரி மட்டும்தான்.

அதனால அந்தியூர்ச் சந்தைக்குப் போனோம். சுழி பாக்கறதுக்கு நஞ்சப்பண்ணன், அதட்டி விலை பேசறதுக்கு ஒரு ஆம்பளை வேணும்னு நான். அங்க போய் அதட்டுனதெல்லாம் அவதான். நல்ல குதிரை பூரா கை மாறிப் போயிருந்துச்சு, மிச்சம் இருந்ததுக்குக் கேட்ட விலைக்கு ஒரு லாரியே வாங்கலாம். கடைசியில ஒரு புளியமரத்தடியில செவலைக் குதிரை ஒண்ணு தனியா நின்னுச்சு. வர்றவன் போறவனெல்லாம் அதோட நெத்தி முடியை வகுந்து பாக்கறான், மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போறான். அதுக்குச் சொந்தக்காரரு மீரான் ராவுத்தரு பக்கத்துல ஒரு தகரப் பொட்டி மேல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டிருந்தாரு.

"இதுக்கு என்ன குறை பாய்?" ன்னா பூவாத்தாளு.

"ஒம்பது குறை அம்மணி. ஒம்பது சுழி, ஒண்ணு கூட நல்ல சுழி கிடையாது. மறைச்சு வித்துட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" ன்னாரு.

நஞ்சப்பண்ணன் சீப்பை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து வந்தாரு. வலது கண்ணுக்குக் கீழ கண்ணீர்ச் சுழி, கட்டறவன் ஊட்டுல அழுகை ஓயாது. முன்னங்கால் முட்டியில முடக்குச் சுழி. வாலுக்குப் பக்கத்துல ஒண்ணு, அதுக்குப் பேரைச் சொல்லாம காறித் துப்புனாரு. ரெண்டு காதுக்கும் நடுவுல உச்சியில இருந்ததைப் பாத்துட்டுச் சீப்பைத் தொடைச்சுச் சட்டைச் சோப்புல வெச்சுக்கிட்டு, "இது குடியறுப்பான். இதைக் கட்டறதுக்குக் கல்லைக் கட்டிக்கிட்டுக் கெணத்துல குதிக்கலாம், வா போலாம்" ன்னாரு.

பூவாத்தாளு நகரலை. குதிரையோட நெத்தி முடியை அவளும் ஒதுக்கிப் பாத்தா, ஆனா சுழியைப் பாக்கலை, கண்ணைத்தான் பாத்தா. "என் தலையையும் இப்படித்தான் வகுந்துட்டுப் போனாங்க சென்னியண்ணா" ன்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா. அப்பறம் திரும்பி, "நடை எப்படி பாய்?" ன்னா.

"மூணு நாளா நிக்கறேன், நடையைப் பத்திக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" ன்னாரு ராவுத்தரு. கயித்தை அவுத்து அவ கையில குடுத்துட்டாரு. "எட்டு நாள் வெச்சு ஓட்டிப் பாருங்க. புடிச்சா விலை பேசலாம், புடிக்காட்டி எட்டாம் நாள் நானே வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடறேன். ஒண்ணே ஒண்ணு, நிறையப் பேரை ஏத்திப் பாருங்க." சொல்லிட்டுத் தொப்பியை நல்லா இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்ப எனக்கு அதுல ஒண்ணும் தோணலை.

ஊர்வலக் குதிரைக்கு ஓட்டம் பாக்கறது மத்த குதிரைக்குப் பாக்கற மாதிரி இல்லைங்க. மாப்பிள்ளை தினுசு தினுசா வருவான், மூட்டை மாதிரி ஒருத்தன், முருங்கைக்காய் மாதிரி ஒருத்தன், பயத்துல குதிரை கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுகறவன், காலைலயே ஊத்திக்கிட்டு வந்து சேணத்துல தூங்கறவன். எல்லாத்தையும் தாங்குதான்னு பாக்கோணும். அதனால பூவாத்தாளு ஊர்ல இருக்கற ஆம்பளைங்களைத் தினம் ஒருத்தரா மாப்பிள்ளை ஆக்குனா. தலைப்பாகை கட்டி, பிளாஸ்டிக் மாலை போட்டு, பேண்டுக்காரங்க ரெண்டு பேரை வர வெச்சு, மாரியம்மன் கோயில் வரைக்கும் ஒரு நடை, திரும்பி ஒரு நடை. எங்களுக்கும் கசக்குமா, கல்யாணம் ஆகி இருபது வருசம் ஆனவன் மறுக்கா மாலையைப் போட்டுக்கிட்டுப் பொண்டாட்டி முன்னாலயே ஊர்வலம் போறதுன்னா.

மொத நாள் ரேசன் கடைக் கொழந்தசாமி ஏறுனான், நூத்திப் பத்துக் கிலோ. குதிரை அவனைத் தூக்கிக்கிட்டுத் தட்டுல பால் கொண்டு போற மாதிரி நடந்துச்சு. எறங்குனப்ப அவன் நெத்தி நடுவுல செவலைச் சுழி ஒண்ணு இருந்துச்சு. நஞ்சப்பண்ணன் ஓடிப்போய்க் குதிரை நெத்தியைத் தடவிப் பாத்தாரு, அங்க இல்லை. "எட்டுத்தான் இருக்குது" ன்னாரு, சந்தையில கத்திரிக்காய் எண்ணுன மாதிரி. கொழந்தசாமி பொண்டாட்டி வந்து முந்தானையை நனைச்சுத் தேச்சுப் பாத்தா, போகலை. "சரி உடு, திருநீறு எங்க வெக்கறதுன்னு இனிமே கண்ணாடி பாக்க வேண்டாம்" ன்னுட்டு அடுப்புல பருப்பு வேகுதுன்னு போயிட்டா.

ரெண்டாம் நாள் ஒல்லி மாப்பிள்ளைக்கு நான். குதிரைக்கு முன்னங்கால் முட்டின்னா மனுசனுக்கு முழங்கை. மூணாம் நாள் பூசாரி ராக்கியண்ணன், அவரு தலை பித்தளைக் குண்டா மாதிரி இருக்கும், அவருக்குக் காதுக்குப் பின்னால வந்துச்சு, மனுசன் அதை வெட்டாம வளத்து, எண்ணெய் போட்டு, இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு இழுத்துச் சீவிக்கிட்டு, இருவது வருசத்துக்கப்பறம் சீப்பு வாங்குனாரு. நாலாம் நாள் போனவனுக்கு வால் பக்கத்துச் சுழி. அது யாருன்னு சொல்ல மாட்டேன், டவுசருக்கு அளவு எடுக்கறவனுக்குத் தொழில் ரகசியம்னு ஒண்ணு இருக்குதில்லைங்க.

அஞ்சாம் நாள் தலைவரே வந்துட்டாரு. "என்ற மகன் ஏறப்போற குதிரைல நான் ஏறிப் பாக்காம எப்படி" ன்னாரு. உண்மை என்னன்னா மாலை போட்டு ஊர்வலம் போற ஆசை அவரையும் உடலை. பூவாத்தாளு அவருக்கும் தலைப்பாகை கட்டி விட்டு, கடிவாளத்தைப் புடிச்சுக்கிட்டு முன்னால நடந்தா. இருபத்தஞ்சு வருசம் முந்தி நடந்திருக்க வேண்டிய ஊர்வலம் அது, பாத்துக்கிட்டிருந்த எங்க எல்லாருக்கும் அது தோணுச்சு. எறங்குனப்ப தலைவரோட வலது கண்ணுக்குக் கீழ கண்ணீர்ச் சுழி.

அதுக்கப்பறம்தான் ஊர்ல யோசனை வந்துச்சு. கொழந்தசாமிக்கு வந்தா அது கெட்ட சுழி, தலைவருக்கு வந்தா எப்படிக் கெட்டதா இருக்க முடியும். பால் சொசைட்டியில கூட்டம் போட்டாங்க. நஞ்சப்பண்ணன் புத்தகத்தைத் தொறந்து, கண்ணாடியைப் போட்டு, ரொம்ப நேரம் கனைச்சுட்டுச் சொன்னாரு: "குதிரைக்குக் கண்ணீர்ச் சுழி இருந்தாத்தான் அழுகை. மனுசனுக்கு அதே சுழி இருந்தா, ஊரார் கண்ணீரைத் தொடைக்கறவருன்னு அர்த்தம்." தலைவரு தலையை ஆட்டுனாரு. அப்பறம் வரிசையா எல்லாம் நல்லதாயிருச்சு. என்னோட முடக்குச் சுழி பொறுமைச் சுழி ஆச்சு. வால் பக்கத்துச் சுழிக்கு ஆசனச் சுழின்னு பேரு, உக்காந்த இடத்துல சம்பாதிக்கற யோகமாம். அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூணு பேரு அது எனக்குத்தான் வந்துச்சுன்னு எந்திரிச்சாங்க, மூணும் பொய், எனக்குத் தெரியும்.

பூவாத்தாளு வாசப்படிகிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. எல்லாரும் சிரிச்சு முடிக்கற வரைக்கும் பொறுத்துட்டு, "அப்ப என்னுதையும் ஒருக்கா திருப்பிப் பாத்துச் சொல்லுங்கண்ணா" ன்னா.

நஞ்சப்பண்ணன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "அது வேற அம்மணி. அது பொறவிச் சுழி."

"சரிங்கண்ணா" ன்னுட்டு அவ குதிரைக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. நியாயமாப் பாத்தா நான் எந்திரிச்சு ஏதாவது சொல்லியிருக்கோணும். பொறுமைச் சுழிக்காரன் பாருங்க, பொறுத்துக்கிட்டேன்.

யோகம்னு தெரிஞ்சதும் அடுத்த ரெண்டு நாள்ல மூணு பேர் முட்டி மோதி ஏறி, ஏழாம் நாள் சாயங்காலம் குதிரை மேல ஒரே ஒரு சுழிதான் மிச்சம். உச்சியில இருந்த குடியறுப்பான். அது கிட்ட மட்டும் யாரும் போகலை, அதுக்கு யோகம் கண்டுபிடிக்கறதுக்கு அது முதல்ல ஒரு பெரிய மனுசன் தலையில ஏறோணுமில்லைங்க. ஒருத்தனுக்கு இடுப்பு வலி, ஒருத்தனுக்கு ஏகாதசி. சுழி சும்மா இருக்க விடாதும்பாங்க, அன்னைக்கு எல்லாரும் ஊட்டுக்குள்ள சும்மாதான் இருந்தாங்க.

எட்டாம் நாள் காலைல ராவுத்தரு வந்துட்டாரு. கோயில் முன்னால ஊரே கூடிருச்சு. தலைவரு குதிரையைச் சுத்திப் பாத்துட்டு, "நல்ல நடை. ஆனா உச்சியில ஒண்ணு நிக்குது, இதை வெச்சுக்கிட்டு என்ற மகனை எப்படி ஏத்தறது" ன்னாரு. அப்பறம் அவரு சொன்னதை நான் அப்படியே சொல்லீர்றேன். "உனக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு இருக்குதே பூவாத்தா. மூணாவதா ஒண்ணு வந்தா என்ன கெட்டுப் போகுது, குடியா குடித்தனமா."

கண்ணீரைத் தொடைக்கறவரு சொன்ன சொல்லுங்க அது.

"அதுவும் சரிதானுங்க தலைவருங்க" ன்னா பூவாத்தாளு. குதிரை வாடகைக்கு விடறவங்க குதிரை மேல ஏறக் கூடாதுன்னு அவங்கப்பன் சொல்லி வெச்சிருந்தான், அது மாப்பிள்ளை ஏறுற முதுகு, அதனால இத்தனை வருசத்துல அவ ஒரு நாளும் ஏறுனதில்லை. அன்னைக்கு என் கையில இருந்த தலைப்பாகையை வாங்கி அவளே கட்டிக்கிட்டா, மாலையை எடுத்து அவளே போட்டுக்கிட்டா, சேலையைத் தார்ப்பாய்ச்சிச் சொருகி ஒரே எட்டுல ஏறி உக்காந்து, "வாசிங்கப்பா" ன்னா பேண்டுக்காரங்களை, அவங்களும் பழக்க தோசத்துல கல்யாணப் பாட்டையே எடுத்து வாசிக்க, குதிரை கோயிலைத் தாண்டி, ரேசன் கடையைத் தாண்டி, என் தையக்கடையைத் தாண்டி, ஒரு தெரு விடாம ஊரைச் சுத்திப் போச்சு, சத்தம் கேட்டு ஊட்டுக்குள்ள இருந்து ஓடி வந்த பொம்பளைங்க தலைப்பாகையையும் மாலையையும் பாத்துட்டு, ஊர்வலம் வந்தா என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணுனாங்க, ஆலத்தைக் கரைச்சுச் சுத்தி வாசல்ல ஊத்துனாங்க, யாருக்குச் சுத்தறோம்னு அண்ணாந்து பாத்தப்ப பாதி ஊத்தியாச்சு, சரி ஆனது ஆச்சுன்னு மிச்சத்தையும் ஊத்துனாங்க. தலைவர் ஊட்டு வாசல்ல அவரு சம்சாரமே ஊத்துச்சு. பூவாத்தாளு அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டு வந்தா, நான் பின்னாலயே ஓடுனேன், எனக்கும் கண்ணுல தண்ணி.

எறங்கித் தலைப்பாகையை எடுத்தா. நஞ்சப்பண்ணன் மொதல்ல குதிரையைப் பாத்தாரு, மெழுகுன தரை மாதிரி சுத்தம். அப்பறம் அவ தலையை வகுந்தாரு, இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால வகுந்த அதே இடம். கறுப்புல ரெண்டு, நடுவுல செவலையில ஒண்ணு.

"மூணு" ன்னாரு.

"மூணுக்கு என்ன பலனுங்கண்ணா?"

அவரு புத்தகத்தைப் புரட்டுனாரு. முன்னால இருந்து பின்னால, பின்னால இருந்து முன்னால. எச்சிலைத் தொட்டுத் தொட்டுக் கடைசித் தாள் வரைக்கும் போய்ட்டு, "ரெண்டு வரைக்கும்தான் அம்மணி எழுதியிருக்குது. மூணைப் பத்தி ஒண்ணுமில்லை" ன்னாரு. எனக்கு ஒரு சந்தேகம் வந்து ராவுத்தரைத் திரும்பிப் பாத்தேன். அவரு தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிஞ்சாரு, நடு மண்டையில செவலையா ஒரு சுழி. "என்கிட்ட வந்தப்ப பத்து இருந்துச்சுங்க" ன்னாரு.

"புத்தகத்துல இல்லைன்னா யாராவது ஒருத்தர் எழுதித்தானே ஆகோணும், நான் சொல்றேன், எழுதிக்கோங்கண்ணா" ன்னா பூவாத்தாளு. நஞ்சப்பண்ணன் என்ன நெனைச்சாரோ, பேனாவைத் தொறந்தாரு. "மூணு சுழிக்காரி குதிரை எந்த ஊட்டு வாசலுக்கு வரோணும்னாலும், அந்த ஊட்டுக்காரங்க முன்னால எப்பவாவது அவ ஊட்டு இலையில கை வெக்காம எந்திரிச்சுப் போயிருந்தா, அந்தச் சோத்தைத் தின்னு முடிச்சுட்டுத்தான் கூப்பிடோணும். இல்லைன்னா குதிரை நடக்காது."

அவரு எழுதிட்டாரு. எழுதுனது சாஸ்திரம், அப்பறம் யாரு என்ன பேசறது. தலைவரு இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் தொடைச்சுக்கிட்டு, "எத்தனை பேர் வரோணும்?" ன்னு மட்டும் கேட்டாரு.

"அன்னைக்கு நாப்பது பேருங்க."

விலையை ராவுத்தரும் அவளும் கை மேல துண்டைப் போட்டு விரலைப் புடிச்சுப் பேசிக்கிட்டாங்க, என்ன விலைன்னு எனக்கே தெரியாது. பாய் சிரிச்சுக்கிட்டே போனாரு, அவ்வளவுதான் பாத்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பூவாத்தாளு ஊட்டுல நாப்பது இலை. செத்துப் போனவங்களுக்குப் பதிலா அவங்கவங்க மக்க வந்து உக்காந்தாங்க, தலையை வகுந்த அத்தையைத் தொண்ணூறு வயசுல கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க, கொழைச்ச சோறு ரெண்டு வாய் முழுங்குச்சு. அன்னைக்கு வெச்ச அதே சமையல், பருப்பு, நெய்யி, கத்திரிக்காய்ப் பொரியல், பச்சைப்பயத்தம் பாயாசம். பூவாத்தாளே பரிமாறுனா. யாருகிட்டயும் ஒரு குத்தல் பேச்சுப் பேசலை, வேணுமா வேணுமான்னு கேட்டுக் கேட்டு ஊத்துனா. தலைவரு ரெண்டாந் தரம் பாயாசம் வாங்கிக் குடிச்சு முடிச்சுட்டு, இலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எந்தப் பக்கம் மடிக்கறதுன்னு யோசிக்கறாருன்னு எனக்குப் புரிஞ்சுது. தன் பக்கமா மடிச்சா உறவு தொடரட்டும்னு அர்த்தம், அந்தப் பக்கம் தள்ளி மடிச்சா அத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். ரொம்ப நேரம் கழிச்சு மெதுவாத் தன் பக்கமா மடிச்சுட்டு, அவ மூஞ்சியை ஏறிட்டுப் பாத்தாரு.

பூவாத்தாளு குனிஞ்சு அந்த இலையை எடுத்தா. எடுத்துக்கிட்டுப் போய்ச் செவலை முன்னால நீட்டுனா. அது மடிப்போட கடிச்சு மென்னு முழுங்கிருச்சு.

"எந்தப் பக்கம் மடிச்சாலும் திங்குதுங்க தலைவருங்க" ன்னுட்டு, அடுத்த இலையை எடுக்க வந்தா.